விற்ற பாட்டரியைத் திரும்ப வாங்கிய எடிசன்

1904-ஆம் ஆண்டின் இறுதி.

அமெரிக்காவில் நியூஜெர்சி என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே ஒரு பாட்டரி தொழிற்சாலை சுறுசுறுப்பாக நடந்து கொண்டிருந்தது. நல்ல வியாபாரம். பாட்டரி கேட்டு ஆர்டர்கள் வந்தபடி இருந்தன.

திடீர் என்று முதலாளியிடம் இருந்து உத்தரவு வந்தது.

தொழிற்சாலையை நிறுத்தி விட வேண்டும். இனி ஒரு பாட்டரி கூட விற்கக் கூடாது. விற்ற பாட்டரிகளையும் திரும்பப் பெற்றுக் கொள்ள வேண்டும்!

இதுதான் அந்த உத்தரவு.

ஓடுகிற தொழிற்சாலையை யாராவது நிறுத்துவார்களா? விற்ற சரக்கை யாராவது தாமாகவே திரும்ப வாங்குவார்களா?

அந்த முதலாளி செய்தார். அவர் பெயர் தாமஸ் ஆல்வா எடிசன்.

ஆம்! மின்சார விளக்கை வீடுகளுக்குக் கொண்டு வந்தவர். பேசும் பெட்டியான போனோகிராபைக் கண்டு பிடித்தவர். அதே எடிசன்தான்.

விளக்கின் கதை எல்லோருக்கும் தெரியும். பாட்டரியின் கதை பலருக்குத் தெரியாது. ஆனால் எடிசனின் மன உறுதியைக் காட்டுவது பாட்டரியின் கதைதான். விளக்கை விட அதற்காகத்தான் அவர் அதிக காலம் பாடுபட்டார்.

ரெயிலில் மிட்டாய் விற்ற சிறுவன்

எடிசன் 1847-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி பிறந்தார். ஊர், ஒகையோ மாநிலத்தில் உள்ள மிலான். பெற்றோருக்கு 7 குழந்தைகள். எடிசன்தான் கடைக்குட்டி.

பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்து வரவில்லை. சில மாதங்களே போனார். அவருடைய தாயார் நான்சி, முன்பு ஆசிரியையாக இருந்தவர். மகனுக்கு அவரே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

12 வயதில் எடிசன் சம்பாதிக்கக் கிளம்பி விட்டார். போர்ட் ஹியூரான் என்ற ஊரில் இருந்து டெட்ராயிட் நகருக்குப் போகும் ரெயிலில், பத்திரிகையும் மிட்டாயும் விற்றார்.

கிடைத்த காசில் ரசாயனப் பொருள்களை வாங்கினார். ரெயிலில் சாமான் ஏற்றும் பெட்டியின் மூலையில் அவற்றை வைத்து, ஓய்வு நேரத்தில் சோதனை செய்தார். ஒரு முறை அந்தப் பெட்டியில் தீப் பிடித்து விட்டது. சோதனைச் சாலையோடு அவரை ரெயிலை விட்டு இறக்கி விட்டார்கள்.

சிறு வயதிலேயே அவருக்குக் காது மந்தமாகி விட்டது. கடைசி வரையில் அது சரியாகவே இல்லை.

1862-ஆம் ஆண்டில் ஒரு நாள், ஸ்டேஷன் மாஸ்டரின் குழந்தை தண்டவாளத்தில் விளையாடிக் கொண்டிருந்தது. ரெயில் பெட்டி ஒன்று உருண்டு வந்தது. எடிசன் பாய்ந்து சென்று குழந்தையைத் தூக்கினார்.

குழந்தையின் தந்தை ஏழை. பணமாகக் கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை. தமக்குத் தெரிந்த தொழிலைக் கற்றுக் கொடுத்தார். அதுதான் தந்தி அடிக்கும் தொழில்.

மேஜையில் வழிந்த திராவகம்

அந்தக் காலத்தில் ஊரில் மின்சார நிலையம் கிடையாது. தந்திக் கம்பியில் மின்சாரம் ஓட வேண்டும் என்றால், பாட்டரிதான் கதி. தந்தி ஆபீசுகளில் கண்ணாடி ஜாடிகளில் திராவகமும் உலோகத் தகடுகளுமாக வரிசையாக வைத்திருப்பார்கள்.

எடிசனுக்கு அந்த ஜாடிகள் மேல் தீராத ஆசை.

1867-ஆம் ஆண்டு. லூயிவில் நகரத் தந்தி ஆபீசில் அவருக்கு இரவு வேலை. வேலை குறைந்த நேரத்தில் பாட்டரி ஒன்றை வைத்துச் சோதனை செய்து கொண்டிருந்தார். கை தவறி, கந்தகத் திராவகம் தரையில் கொட்டி விட்டது.

பலகை போட்ட தரை. திராவகம் இடுக்கு வழியே கீழ் அறைக்கு இறங்கியது. அங்கே இருந்தது மேலதிகாரியின் மேஜை!

மறுநாள் காலையில் எடிசனுக்கு வேலை போய் விட்டது.

பாட்டரியால் அவருக்கு வந்த முதல் நஷ்டம் அது. கடைசி நஷ்டம் அல்ல!

புகழும் பணமும்

பிறகு எடிசன் மள மள என்று உயர்ந்தார்.

1876-ல் மென்லோ பார்க் என்ற இடத்தில் சோதனைச் சாலை அமைத்தார். 1877-ல் போனோகிராப் பேசியது. 1879-ல் மின்சார விளக்கு எரிந்தது. 1882-ல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்சார நிலையம் திறந்தார். 1887-ல் வெஸ்ட் ஆரஞ்சு என்ற ஊரில் இன்னும் பெரிய சோதனைச் சாலை கட்டினார்.

பணம் குவிந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை.

மட்டமான பாறையை இடித்துத் தூளாக்கி, அதில் இருந்து காந்தத்தால் இரும்பைப் பிரித்து எடுக்கலாம் என்று எண்ணினார். பெரிய ஆலை கட்டினார். அந்த நேரம் பார்த்து, வேறு இடத்தில் நல்ல இரும்புத் தாது மலிவாகக் கிடைத்து விட்டது. பல ஆண்டு உழைப்பும், லட்சக் கணக்கான டாலரும் பாழ்!

1899-ஆம் ஆண்டில் எடிசனுக்கு வயது 52. மற்றவராக இருந்தால், போதும் என்று உட்கார்ந்து இருப்பார். எடிசன் பாட்டரியைக் கையில் எடுத்தார்.

அலுத்துப் போகும் பாட்டரி

அப்போது கார்கள் புதிதாக வந்து கொண்டிருந்தன. நீராவியால் ஓடும் கார், பெட்ரோலால் ஓடும் கார், மின்சாரத்தால் ஓடும் கார் என்று மூன்று வகை.

மின்சார காரில் சத்தம் இல்லை; புகை இல்லை. பெட்ரோல் காரைப் போலக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கிளப்பவும் வேண்டாம். ஆனாலும் அதில் ஒரு பெரும் குறை இருந்தது. அதுதான் பாட்டரி!

பாட்டரியில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, தீர்ந்தால் தீர்ந்ததுதான். டார்ச் விளக்கில் போடும் சாதாரணக் கட்டை அந்த வகை. இன்னொரு வகைக்குத் திரும்பத் திரும்ப மின்சாரம் ஏற்றலாம். உள்ளே இருக்கும் பொருள்கள் ரசாயன மாறுதல் அடையும் போது மின்சாரம் வெளியே வருகிறது. வெளியில் இருந்து மின்சாரத்தைச் செலுத்தினால், அந்தப் பொருள்கள் மறுபடியும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன.

இப்படி ஏற்றி இறக்கும் பாட்டரியை 1859-ல் உருவாக்கியவர், பிரான்சு நாட்டைச் சேர்ந்த காஸ்டன் பிளாண்டே. ஈயத் தகடுகளைக் கந்தகத் திராவகத்தில் வைத்து அவர் அதைச் செய்தார். இன்றும் பெட்ரோல் காரைக் கிளப்ப உதவுவது அந்த வகைதான்.

ஆனால் ஈயம் கனமானது. அமிலமோ உலோகத்தை அரிக்கும். புளிக் குழம்பைப் பித்தளைப் பாத்திரத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்!

ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தால், ஈயத் தகட்டில் உள்ள பொருள் நாளடைவில் உதிர்ந்து அடியில் படியும். முன்பு தாங்கிய தூரம் பிறகு தாங்காது. கார் நடுத் தெருவில் நின்று விடும். பாட்டரியை மாற்ற வேண்டி வரும். அதற்கு ஆகும் செலவோ அதிகம்.

எடிசன் இதை மாற்ற நினைத்தார். கனம் குறைந்த பாட்டரி, எளிதில் அலுத்துப் போகாத பாட்டரி வேண்டும் என்பது அவர் எண்ணம்.

சாம்பல் தண்ணீர் தந்திரம்

அமிலம்தானே அரிக்கிறது? அமிலமே இல்லாமல் செய்தால் என்ன?

அமிலத்துக்கு எதிரானது காரம். சாம்பலைக் கரைத்த தண்ணீரில் இருக்கும் வழுவழுப்பு காரத்தால் வருவது. கார நீரில் இரும்பு எளிதில் அரித்துப் போகாது. ஆகவே, கார நீரில் வேலை செய்யும் பாட்டரியைத் தேடினார் எடிசன்.

இந்த எண்ணம் அவர் ஒருவருக்கு மட்டும் தோன்றியது அல்ல. சுவீடன் நாட்டில் வால்டெமார் யுங்னர் என்ற விஞ்ஞானியும் அதே வழியில் போய்க் கொண்டிருந்தார். நிக்கலையும் காட்மியத்தையும் வைத்து 1899-ல் பாட்டரி செய்தவர் அவர். நிக்கல், இரும்பு ஜோடியையும் அவர் சோதித்துப் பார்த்தார். யாருக்கு உரிமை என்பதில் இருவருக்கும் வழக்கு மூண்டது. பணபலம் எடிசன் பக்கம் இருந்தது. ஆனால் யுங்னரின் பெயரை விட்டு விட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயம் ஆகாது.

எந்த உலோகம், எந்தப் பொருளோடு சேரும்? புத்தகத்தில் விடை இல்லை. ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க வேண்டியதுதான்.

சோதனைச் சாலையில் நீண்ட மேஜை. அதன் மேல் நூற்றுக் கணக்கான சிறு பாட்டரிகள். எடிசனும் அவருடைய உதவியாளர்களும் வாரத்தில் ஏழு நாளும் உழைத்தார்கள். 9 ஆயிரம் சோதனைகள் முடிந்தன. பலன் இல்லை.

எடிசனின் நண்பர் வால்டர் மேலரி ஒரு நாள் வந்தார். இவ்வளவு பாடுபட்டும் ஒரு முடிவும் கிடைக்கவில்லையே என்று வருத்தப்பட்டார்.

எடிசன் சிரித்தார். முடிவு கிடைக்காமல் என்ன, உதவாத பொருள்கள் எவை என்று பல ஆயிரம் தெரிந்து விட்டதே என்று பதில் சொன்னார்.

இந்தப் பதிலை மின்சார விளக்கோடு சேர்த்துச் சொல்வது வழக்கமாகி விட்டது. உண்மையில் அது பாட்டரிக்காகச் சொன்ன பதில்!

கடைசியில் ஜோடி சேர்ந்தது. ஒரு பக்கம் நிக்கல் கலந்த பொருள். மறு பக்கம் இரும்புப் பொடி. நடுவே பொட்டாஷ் என்னும் கார நீர். எல்லாம் எஃகுப் பெட்டிக்குள் அடக்கம்.

1901-ல் கம்பெனி தொடங்கினார். புதிய பாட்டரியைக் கார்களில் பூட்டி, கரடு முரடான பாதைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். பத்திரிகைகள் புகழ்ந்தன. 1903-ல் விற்பனைக்கு வந்தது.

ஒழுகிய பெட்டிகள்

வாங்கியவர்கள் முதலில் மகிழ்ந்தார்கள். பிறகு மெல்ல மெல்லப் புகார் வந்தது.

சில பெட்டிகளில் பற்ற வைத்த இடம் விட்டுப் போய், கார நீர் ஒழுகியது.

இன்னொரு குறை அதை விட மோசமானது. சில பாட்டரிகள் நன்றாக வேலை செய்தன. சில பாட்டரிகள் வர வரப் பலம் இழந்தன. வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்று போல இருக்கும். எது உழைக்கும், எது காலை வாரி விடும் என்று சொல்ல முடியவில்லை.

எடிசன் என்ன செய்யலாம்?

புகார் சொன்னவருக்கு மட்டும் வேறு பாட்டரி கொடுத்துச் சமாளிக்கலாம். மற்றவர்களிடம் பேசாமல் இருந்து விடலாம். ஈய பாட்டரியும்தான் கெட்டுப் போகிறது என்று வாதம் செய்யலாம். இவ்வளவுக்கும் அப்போதுதான் இரும்புத் தாதுவில் பெரும் பணம் போய் இருந்தது. புதிய தொழிற்சாலைக்கும் ஏராளமாகச் செலவிட்டு இருந்தார்.

அவர் அப்படிச் செய்யவில்லை. ஆரம்பத்தில் பார்த்தோமே, அந்த உத்தரவைப் போட்டார்.

தொழிற்சாலை நின்றது. குறை உள்ள பாட்டரிகள் திரும்பி வந்தன. நஷ்டம் முழுவதும் எடிசனைச் சேர்ந்தது. போனோகிராபும் சினிமாப் படமும் தந்த பணம் பாட்டரிக்குப் போயிற்று.

தன் பெயர் பொறித்த பொருள் பிறர் வீட்டில் கெட்டுக் கிடப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை.

ஐந்து ஆண்டுத் தவம்

குறை எங்கே இருக்கிறது? கெட்ட பாட்டரிகளைப் பிரித்துப் பார்த்தார்கள்.

நிக்கல் பொருளில் மின்சாரம் எளிதாக ஓடாது. மின்சாரத்துக்கு வழி விட, அதனுடன் பென்சில் கரியான கிராபைட்டைக் கலந்து இருந்தார்கள். மின்சாரத்தை ஏற்றி ஏற்றி இறக்கும் போது, அந்தக் கரி நாளடைவில் கெட்டது. நிக்கல் பொருளும் உப்பி, சுருங்கி, தளர்ந்தது. பொருள் உள்ளேயே இருக்கும். ஆனால் மின்சாரம் வெளியே வர வழி இருக்காது!

கரிக்குப் பதில், கெடாத ஒன்று வேண்டும். நிக்கல் உலோகத்தையே காகிதத்தை விட மெல்லிய செதில்களாகச் செய்து கலக்கலாம் என்று முடிவாயிற்று.

அவ்வளவு மெல்லிய செதிலை எப்படிச் செய்வது? அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். செம்பும் நிக்கலும் மாறி மாறி, படலம் மேல் படலமாக முலாம் பூசினார்கள். அதை உரித்துச் சிறு துண்டாக வெட்டினார்கள். பிறகு செம்பை மட்டும் கரைத்து எடுத்தார்கள். நிக்கல் செதில்கள் தனித் தனியே நின்றன!

பென்சில் பருமன் உள்ள எஃகுக் குழாய்கள் செய்தார்கள். நெடுகிலும் நுண்ணிய துளைகள். அதற்குள் நிக்கல் பொருள் ஒரு அடுக்கு, செதில் ஒரு அடுக்கு என்று நூற்றுக் கணக்கான அடுக்குகளை இறுக்கி அடைத்தார்கள். உப்பி வெடிக்காமல் இருக்க, குழாயைச் சுற்றி எஃகு வளையங்களைப் பூட்டினார்கள்.

இன்னும் ஒரு புதுமையும் செய்தார் எடிசன். கார நீரில் லித்தியம் சேர்ந்த பொருளைச் சிறிது கலந்தார். பாட்டரியின் பலம் கூடியது. 1908-ல் இதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். லித்தியம் என்ற பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். அது மறுபடியும் வரப் போகிறது.

1909-ஆம் ஆண்டில் புதிய பாட்டரி தயார் ஆயிற்று. எடிசனுக்கு வயது 62. அவர் இந்த வேலையைத் தொடங்கி 10 ஆண்டுகள் ஆகி இருந்தன.

இந்த முறை பாட்டரி உழைத்தது. அதிகமாக ஏற்றினாலும் தாங்கியது. வெறுமையாகப் போட்டு வைத்தாலும் கெடவில்லை. பல ஆண்டுகள் ஓடியது.

நண்பர் முந்திக் கொண்டார்

ஆனால் விதியின் விளையாட்டைப் பாருங்கள்.

1896-ஆம் ஆண்டில், மின்சார கம்பெனியில் வேலை பார்த்த ஒரு இளம் என்ஜினியர் எடிசனைச் சந்தித்தார். பெட்ரோலால் ஓடும் வண்டி ஒன்று செய்திருப்பதாகச் சொன்னார். எடிசன் மகிழ்ந்து, விடாமல் முயலும்படி உற்சாகம் ஊட்டினார்.

அந்த இளைஞர்தான் ஹென்றி போர்டு!

1908-ல் போர்டு தமது மலிவு விலைக் காரை வெளியிட்டார். பெட்ரோல் கார் நாடெங்கும் ஓடியது. கைப்பிடியைச் சுற்றும் தொல்லையும் சில ஆண்டுகளில் ஒழிந்தது. காரைக் கிளப்ப மின்சார ஸ்டார்ட்டர் வந்து விட்டது. அதற்கு வேண்டிய பாட்டரி எது தெரியுமா? எந்த ஈய பாட்டரியை எடிசன் வெல்ல நினைத்தாரோ, அதேதான்!

1914-ல் போர்டும் எடிசனும் சேர்ந்து மலிவான மின்சார கார் செய்வதாகப் பேச்சு அடிபட்டது. அந்தக் கார் சந்தைக்கு வரவே இல்லை.

தொழிலாளியின் இடுப்பில்

காருக்காகப் பிறந்த பாட்டரி வேறு இடங்களுக்குப் போயிற்று. ரெயில் சிக்னல்களில் வேலை செய்தது. ரெயில் பெட்டிகளில் விளக்கு எரிய உதவியது. எல்லாவற்றிலும் மேலாக, நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியது.

சுரங்கத் தொழிலாளிகள் அதுவரை தீ எரியும் விளக்கைத் தொப்பியில் மாட்டிக் கொண்டு போனார்கள். சுரங்கத்தில் எளிதில் தீப் பற்றும் வாயு இருக்கும். விளக்கின் சுடர் பட்டால் வெடிக்கும். வீட்டில் இருந்து போனவர் மாலையில் திரும்புவது நிச்சயம் இல்லை.

எடிசன் கம்பெனி சிறிய பாட்டரி விளக்கைச் செய்தது. பாட்டரி இடுப்பு வாரில் இருக்கும். அதில் இருந்து ஒரு கம்பி மேலே ஏறித் தொப்பி விளக்குக்குப் போகும். சுடர் இல்லை. வேலை முடிந்து வந்ததும் விளக்கைக் கொடுத்து விட்டால், இரவில் மின்சாரம் ஏற்றி மறுநாளுக்குத் தயாராக வைப்பார்கள். 1915-ல் அமெரிக்கச் சுரங்கத் துறை இந்த விளக்கை ஏற்றுக் கொண்டது.

கையடக்கமான ஒரு கருவி. உள்ளே ஏற்றி இறக்கும் பாட்டரி. இன்று நம் பையில் இருக்கும் கருவிகளுக்கு அது அண்ணன் முறை!

நல்லதோடு கெட்டதும் நடந்தது. மின்சாரம் ஏற்றும் போதும் இறக்கும் போதும் அந்தப் பாட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வெளி வரும். அமெரிக்கக் கடற்படையின் ஈ-2 என்ற நீர்மூழ்கிக் கப்பலில் எடிசனின் பாட்டரிகளைப் பூட்டிச் சோதித்தார்கள். 1916-ஆம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி, நியூயார்க் கப்பல் தளத்தில் அந்தக் கப்பலுக்குள் வாயு வெடித்தது. சிலர் உயிர் இழந்தார்கள். பலர் காயம் அடைந்தார்கள். எடிசனின் மனத்தைப் புண்படுத்திய சம்பவம் அது. பாட்டரி எவ்வளவு உழைத்தாலும், அதை அஜாக்கிரதையாக நினைக்கக் கூடாது என்பதை உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்றுக் கொண்டது.

அணைந்த விளக்குகள்

1931-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி, வெஸ்ட் ஆரஞ்சில் உள்ள தமது வீட்டில் எடிசன் காலமானார். அப்போது அவருக்கு வயது 84.

அடக்கம் நடந்த நாள் இரவில், ஜனாதிபதி ஹூவரின் வேண்டுகோளின்படி, அமெரிக்க மக்கள் சிறிது நேரம் விளக்குகளை அணைத்து அஞ்சலி செலுத்தினார்கள்.

அமெரிக்காவில் எடிசன் பெற்ற உரிமைப் பத்திரங்கள் 1,093. அவற்றில் 140-க்கும் மேற்பட்டவை பாட்டரியைப் பற்றியவை.

அவர் கண்ட பாட்டரி அவருக்குப் பின்னும் வாழ்ந்தது. 1972-ல் அந்தத் தொழில் வேறு கம்பெனிக்குக் கைமாறியது. 1975-ல் உற்பத்தி நின்றது. ஒரு முறை திரும்ப வாங்கிய பாட்டரி, 60 ஆண்டுகளுக்கு மேல் சந்தையில் நின்று விட்டது!

உங்கள் கையில் உள்ள பாட்டரி

லித்தியம் என்ற பெயர் நினைவு இருக்கிறதா?

எடிசனின் பாட்டரியில் லித்தியம் வெறும் துணை ஆள். இன்றைய பாட்டரியில் அதுதான் கதாநாயகன். 1991-ல் லித்தியம் அயான் பாட்டரி விற்பனைக்கு வந்தது. அதற்கு வழி வகுத்த குட்இனப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவரும் 2019-ல் நோபல் பரிசு பெற்றார்கள். செல்போன், காமிரா, காதில் மாட்டும் கருவி எல்லாவற்றிலும் அந்தப் பாட்டரிதான் இருக்கிறது.

ஆனால் அதற்கும் மூப்பு உண்டு. ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும் போதும், உள்ளே இருக்கும் லித்தியத்தில் ஒரு துளி வீணாகிறது. வெயிலும் சூடும் அதை விரைவாகக் கெடுக்கும். முன்பு ஒரு நாள் தாங்கிய பாட்டரி, அரை நாளில் ஓய்ந்து விடும்.

அதற்காகக் கருவியையே தூக்கிப் போட வேண்டாம். பல கருவிகளில் பாட்டரியை மட்டும் மாற்றினால் போதும். கருவி மறுபடியும் பல ஆண்டு உழைக்கும். அந்தக் கருவிக்கு என்றே செய்த பாட்டரியாகப் பார்த்து வாங்க வேண்டும். அளவும் வோல்ட்டும் ஒத்து இருக்க வேண்டும். விலை மலிவு என்று பெயர் தெரியாத சரக்கை வாங்கக் கூடாது.

பாட்டரி உப்பி இருந்தால், அதற்கு மின்சாரம் ஏற்றக் கூடாது. அழுத்தவோ குத்தவோ கூடாது. தீப் பிடிக்கும். பாட்டரியை உள்ளே ஒட்டி வைத்த கருவியாக இருந்தால், தொழில் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. குழந்தைகள் கையில் கழற்றிய பாட்டரியைத் தரக் கூடாது.

பழைய பாட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. அதற்கு என்று உள்ள இடத்தில் சேர்க்க வேண்டும். பாட்டரி கழிவு பற்றி இந்தியாவில் 2022-ல் விதிகள் வந்தன. பயன்படுத்திய பாட்டரிகளைச் சேகரித்துப் பக்குவப்படுத்தும் பொறுப்பை அவை உற்பத்தியாளர்கள் மேல் சுமத்தின. ஐரோப்பிய நாடுகள் 2023-ல் ஒரு சட்டம் செய்தன. சிறு கருவிகளில் உள்ள பாட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. 2027-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தை அதற்குக் கெடுவாக வைத்தார்கள்.

விற்றதோடு உற்பத்தியாளரின் பொறுப்பு தீர்ந்து விடாது என்பதை இன்று சட்டம் போட்டுச் சொல்ல வேண்டி இருக்கிறது.

1904-ல் எடிசனுக்கு அதை யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை. கெட்ட சரக்கைத் திரும்ப வாங்கினார். ஐந்து ஆண்டு உழைத்தார். நல்ல சரக்கைக் கொடுத்தார்.

திராவகத்தைக் கொட்டி வேலை இழந்த இளைஞன், பெரிய மனிதர் ஆனது அறிவினால் மட்டும் அல்ல. தன் குறையைத் தானே ஒப்புக் கொள்ளும் நேர்மையும் அவரிடம் இருந்தது.